உறைந்த அருவியடியில் ஓர் உப்பு ஒத்தணம்

1

சலவை இயந்திரம் கடைசிச் சுற்றில் உதறிக்கொண்டு நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது.

டென்மார்க்கில், வைலே பட்டணத்தில் நான் இருக்கும் கட்டடத்தில் எல்லாருக்கும் பொதுவான சலவை அறை நிலத்துக்குக் கீழே இருக்கிறது. ஆளுக்கொரு நேரம். நேரம் தவறினால் மேல்மாடிக் கிழவி கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போவாள். அன்றைக்கு என் நேரம் முடியக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சும்மா இருக்க எனக்கு வராது. பக்கத்து அறையின் கம்பிவலைக் கதவுக்குள்ளே எட்டிப் பார்த்தேன். பழைய சைக்கிள், தூண்டில், பெயின்ற் வாளிகள். மேலே ஆணியில் பென்னாம் பெரிய ரெனிஸ் மட்டைகள் இரண்டு சோடி. யார் இவ்வளவு பெரிய மட்டையால் என்ன பந்தை அடித்தார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, அறைக்குச் சொந்தக்காரன் மோன்ஸ் படியிறங்கி வந்தான்.

மோன்ஸ் கீழ்வீட்டுக்காரன். பட்டண பஸ் ஓட்டுகிறான். நாற்பதை நெருங்கும் தனியாள். என்னோடு டெனிஷை மெதுவாகப் பேசும் மிகச் சில மனிதரில் ஒருவன்.

"அது மட்டை இல்லை. காலில் கட்டுவது. பனிச் சப்பாத்து. ஆழமான பனியில் புதையாமல் நடக்கலாம்."

இளவயதில் நோர்வேயில் மரம் தறிக்கப் போனபோது வாங்கியவையாம். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படங்கள் காட்டினான். ஒரு படத்தில் மலையின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு நீர்வீழ்ச்சி அப்படியே நின்றிருந்தது. விழுந்துகொண்டிருந்த தண்ணீர் பாதியில் நின்றுபோன மாதிரி. அதன் அடியில் மோன்ஸ், எறும்பளவில்.

"இதுக்குப் போவோம்," என்றேன்.

"எப்போது?"

"இந்தக் குளிருக்குள்."

மோன்ஸ் என்னைப் பார்த்தான். நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து சரியாக ஒரு வருடம் நிறைந்த கிழமை அது. இந்த ஒரு வருடத்தில் நான் யாரிடமும் எங்கேயும் போவோம் என்று கேட்டதில்லை. போ என்ற இடத்துக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

2

நோர்வேக்குப் போக முடியாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனாலும் அடுத்த நாள் பொலிஸ் நிலையத்தில் வெளிநாட்டார் பகுதிக்குப் போய்க் கேட்டேன். கேட்காமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

என் பயணப் பத்திரம் கொப்பன்ஹேகனில் இருக்கிறது என்றாள் அங்கே மேசையிலிருந்த பெண். எப்போது வரும்? அது கொப்பன்ஹேகனுக்குத் தெரியும். கொப்பன்ஹேகனில் யாரைக் கேட்பது? கொப்பன்ஹேகனை. கடைசியில், "நோர்வேயில் உமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"ஒரு நீர்வீழ்ச்சி," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை.

மோன்ஸ்தான் வழி சொன்னான். வைலேக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. முன்னே தண்ணீர் ஆலைகள் ஓடிய இடம். அதன் தலைப்பில், ஒரு பழைய ஆலையின் அணையிலிருந்து ஓடை விழுகிறது. டென்மார்க்குக்கு அது நீர்வீழ்ச்சிதான். இந்த வருடக் குளிருக்கு நிச்சயம் உறைந்திருக்கும். பள்ளத்துக்குள் பனியும் நிறைந்திருக்கும். பக்கத்துப் பண்ணைக்காரரைத் தனக்குத் தெரியும், கூடாரம் அடிக்க அவர் விடுவார்.

"எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன்.

மோன்ஸ் கையைத் தலைக்கு மேலே தூக்கினான். பிறகு எம்பிக் குதித்தும் காட்டினான்.

3

எங்கள் வீடு என்பது மூன்று அறை. ஓர் அறை எனக்கு; மற்ற இரண்டில் பாலா அண்ணையும் அவர் மனைவி சந்திரா அக்காவும் மகள் ரதியும். பாலா அண்ணை ஊரில் கூட்டுறவுச் சங்க மனேஜர். இங்கே பகலில் என்னோடு மொழிப் பள்ளிக்கூடம், பின்னேரம் ஒரு பாடசாலையைக் கூட்டித் துடைக்கும் வேலை.

சந்திரா அக்கா கேட்டார்: "தம்பி, உனக்கென்ன விசரே? இந்தக் குளிருக்குள்ளை ஆரும் வெளியிலை போய்ப் படுப்பினமே?"

"டெனிஷ்காரர் போறவை அக்கா."

"அவை பிறந்ததே ஐஸ்பெட்டிக்குள்ளை. நீங்கள் எங்கை பிறந்தனீங்கள்?"

பாலா அண்ணை பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நானும் போறன்," என்றார். அக்கா சம்பல் இடிக்கத் தொடங்கினார்.

ரதிக்கு ஏழு வயது. அவள் டெனிஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அப்பா விழப்போகிறார் என்றாள்.

"தமிழிலை சொல்லு பிள்ளை," என்றார் அண்ணை.

அவள் அதே வசனத்தைத் திரும்பவும் டெனிஷில் சொன்னாள். இந்த முறை மெதுவாக, காது கேளாத ஆளுக்குச் சொல்வதுபோல.

நான்காவது ஆள் அன்ரன் அண்ணை. அவரைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள். மன்னார் ஆள், மீன்பிடிக்கிற ஊரான பேசாலை. வயது முப்பது. பக்கத்துப் பட்டணமான இக்காஸ்டில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில், துணியோரம் அடிக்கிற ஓவர்லொக் மெசினில் தைக்கிறார். தைத்த உருப்படிக்குத்தான் சம்பளம். இரண்டு அறை வீடு ஒன்று பிடித்து, ஓர் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறார். அது மனைவியும் மகளும் வந்த பிறகு திறக்கிறதுக்கு. அவர்களை எடுப்பிக்கும் அலுவல் போய்க்கொண்டிருக்கிறது. வந்து இறங்குகிற அன்றைக்குத் தான் ஒரு கையேந்தியாக நிற்கக்கூடாது, மெசினில் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். வேறு பிடிவாதம் ஒன்றும் இல்லாத மனிதர். சனிக்கிழமைகளில் ரெயில் மாறி எங்கள் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், கதிரையிலேயே நித்திரையாகிவிடுவார்.

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உடனே நிமிர்ந்து இருந்தார்.

"நானும் வாறன் தம்பி."

"உங்களுக்கு ஏன் அண்ணை இந்த வேலை?" என்றார் சந்திரா அக்கா.

"அது பிள்ளை, திங்கட்கிழமை வேலையிலை கோப்பிக்கு இருக்கேக்கை எல்லாரும் கேப்பாளவை, சனி ஞாயிறு என்ன செய்தனி எண்டு. நான் படுத்தனான் எண்டு சொல்லுவன். ஒவ்வொரு கிழமையும் படுத்தனான், படுத்தனான். இப்ப அவளவை என்னை வருத்தக்காரன் எண்டு நினைச்சுக் கேக்கிறதையே விட்டிட்டாளவை. ஒருக்காலாவது ஒரு கதை சொல்ல வேணும்."

மோன்ஸிடம் இருந்தது இரண்டு சோடி. இன்னும் இரண்டு சோடி செய்ய வேண்டும். பண்ணைவேலியில் வெட்டிய பச்சைத் தடிகள் சிலவற்றை மோன்ஸ் கொண்டுவந்தான். குளியல் தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பித் தடிகளை ஊறவைத்து, வளைத்து, கட்டினோம். சந்திரா அக்கா இரண்டு நாள் குளிக்க இடமில்லாமல் ஏசினார். அன்ரன் அண்ணை நைலோன் நூலால் வலை பின்னினார். அவர் கையைப் பார்க்கவே முடியாது. வேறு எங்கோ பார்த்துக் கதைத்துக்கொண்டிருப்பார், விரல்கள் தன்பாட்டில் முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டு போகும். மோன்ஸ் ஒரு கண்ணிக்குள் விரலைவிட்டு இழுத்துப் பார்த்து, தன்னுடையதைவிட இது உறுதி என்றான்.

அந்தக் கிழமைதான் ஊரிலிருந்து கடிதம் வந்தது. என்னோடு ஏ.எல். வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவன் இப்போது உயிரோடு இல்லை என்று தங்கச்சி எழுதியிருந்தாள். எப்படி என்று எழுதவில்லை. சண்டை நடக்கிற ஊரில் அதை எழுதவும் தேவையில்லை. நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அரைவாசியில் நின்ற உருளைக்கிழங்கைத் தொடர்ந்து சீவினேன். தோல் நீளமாக, அறுந்துபோகாமல் வந்தது. அதைக் கவனித்தது ஞாபகம் இருக்கிறது. வேறு ஒன்றும் ஞாபகம் இல்லை. அங்கேயிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது கொடுமையாகத் தெரியலாம். எனக்கும் தெரிந்தது, ஆனால் யாரோ ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்ட மாதிரி.

4

சனிக்கிழமை மத்தியானம் மோன்ஸின் காரைப் பண்ணைக்காரரின் வளவில் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

பனிச்சப்பாத்தில் நடப்பதற்குக் காலை அகட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சப்பாத்து மற்றதை மிதித்து, ஆள் முகம்குப்புற. பாலா அண்ணை முதல் வேலிக்குள்ளேயே மகளின் வாக்கைக் காப்பாற்றினார். எழும்பவிட்டானா மோன்ஸ்? முதலில் படம் எடுத்தான்.

"இவன் என்ரை சாவுக்கும் படம் எடுப்பான்," என்றார் அண்ணை, வாயிலிருந்த சினோவைத் துப்பிக்கொண்டு. சினோ என்றுதான் இங்கே எல்லாரும் சொல்கிறோம். பனி என்றால் எங்களுக்கு இன்னும் மார்கழி விடியற்புறம் தலையில் துவாய் போடுகிற அந்தப் பனிதான். இதற்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை.

பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் சத்தம் நின்றுவிட்டது. காற்றும் இல்லை. சப்பாத்து பனியை அமுக்குகிற சத்தம் மட்டும், புது உப்பு மூட்டையை மிதிக்கிற மாதிரி. நான் முன்னுக்கு ஓடினேன். ஓடுவேன், திரும்பி வருவேன், அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று சொல்வேன், திரும்ப ஓடுவேன். மோன்ஸ் என்னைத் தன் பழைய நாய் என்று கூப்பிட்டான். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஓடைக்கரையில் பனியை மிதித்து இறுக்கி, மேலே கூடாரம் அடித்தோம். சந்திரா அக்காவின் கட்டுச்சோறு ஓரமெல்லாம் உறைந்திருந்தது. பிறைமஸ் அடுப்பில் தாச்சி வைத்துச் சூடாக்கி, ரின் மீனோடு சாப்பிட்டோம். மோன்ஸ் கட்டைச்சம்பலை ஒரு கரண்டி நிறைய வாயில் போட்டுவிட்டு, கண்ணீர் ஓட ஓட, "இப்போது குளிரவில்லை," என்றான்.

"பாத்தியே, மருந்து," என்றார் அன்ரன் அண்ணை. அவர் அன்றைக்கு முழுக்கச் சிரித்தபடியே இருந்தார். திங்கட்கிழமைக்கு என்ன சொல்வது என்று டெனிஷில் என்னிடம் வசனம் கேட்டுக் கேட்டு ஒத்திகை பார்த்தார். நான் சனிக்கிழமை காட்டில் நித்திரை கொண்டேன். நான் காலில் வலை கட்டி நடந்தேன்.

இரவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருந்த உடுப்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, நாலு பேரும் நெருக்கியடித்துப் படுத்தோம். பாலா அண்ணை சாரத்தைக் காற்சட்டைக்கு மேலே கட்டிக்கொண்டுதான் படுத்தார். சாரம் இல்லாமல் நித்திரை வராதாம்.

5

விடிந்தும் வெகுநேரத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. முதல் நாளைவிடக் கடுங்குளிர். மூக்கு மயிர் உள்ளே குத்தியது. தேத்தண்ணி குடித்துவிட்டு அருவிக்குப் புறப்பட்டோம்.

பாதி வழியில் மோன்ஸின் பனிச்சப்பாத்தில் தோல்வார் அறுந்தது. பழைய தோல். மோன்ஸ் ஒரு கயிற்றை எடுத்து ஏதோ சுற்றிக் கட்டப் பார்த்தான். அன்ரன் அண்ணைக்கு அது பொறுக்கவில்லை.

"விடு, விடு. இது கட்டே? மாடுகூட நிக்காது."

பனியில் குந்தியிருந்து, கையுறை இரண்டையும் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்து, நைலோன் நூலை வாயில் கடித்து இழுத்தார். தோலில் பனி ஈரம். நூலில் எச்சில் ஈரம். மோன்ஸ் அவர் தோளைத் தட்டி, "கையுறை, அன்ரன்," என்றான். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் சொன்னான்.

நான் தமிழில் சொன்னேன்: "அண்ணை, கையுறையைப் போடட்டாம்."

"கையுறையோடை முடிச்சுப் போடுறது வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடுற மாதிரியடா தம்பி. பொறு, இந்தா முடிஞ்சுது."

முடியவில்லை. நல்ல கட்டாக வரவேண்டும் என்று இரண்டு தரம் அவிழ்த்துத் திரும்பப் போட்டார். அவருக்கு அரைகுறை வேலை பிடிக்காது. கடைசியில் மோன்ஸ் எழும்பிக் காலை உதறிப் பார்த்தான். வார் அசையவில்லை.

அருவி எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். இரண்டு ஆள் உயரம் இருக்கும். பழைய கல்லணையின் மேல்விளிம்பிலிருந்து தூண் தூணாகப் பனிக்கட்டி இறங்கி நின்றது. சில தூண்கள் வெள்ளை. சில, இலைச்சாயம் ஏறி மங்கிய மஞ்சள். காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மோன்ஸ் தொப்பியைக் கழற்றினான். பாலா அண்ணை சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாக என்னிடம் கேட்டார்: "தம்பி, இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? எங்கடை தோட்டத்து மிசின் இதைவிடக் கூடத் தண்ணி இறைக்கும்."

எனக்கு அது பெரிதாகத்தான் தெரிந்தது. நான் ஏறப் பார்த்தேன், வழுக்கி விழுந்தேன், திரும்ப ஏறினேன். எல்லாரையும் நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று கமெராவை அன்ரன் அண்ணையிடம் நீட்டினேன். அது அவர் கையிலிருந்து பனிக்குள் விழுந்தது. குனிந்து எடுத்தார், திரும்பவும் விழுந்தது. சிரித்தார்.

"எனக்கு விரலே இல்லாத மாதிரிக் கிடக்கு."

கையுறையைக் கழற்றிப் பார்த்தோம். வலக்கை விரல் ஐந்தும் முதல் கணுவரை மெழுகுதிரி மாதிரி இருந்தன. அதே வெள்ளை, அதே விறைப்பு. நான் தட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் கேட்டது. மோன்ஸ் அருவியைவிட்டு ஒரே பாய்ச்சலாக வந்து அந்தக் கையைத் தன் சட்டைக்குள்ளே, கக்கத்துக்குள் வைத்து அமத்தினான். கூடாரம்வரை அப்படியே, இரண்டு ஆண்கள் ஒரு சட்டைக்குள் மாதிரி, நடந்து வந்தார்கள். கூடாரத்தடியில் என்னிடம் சொன்னான்: இவரை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், கையை உடம்போடு வைத்திருங்கள், நான் ஓடிப்போய்க் காரைக் கிட்ட இருக்கிற பாலத்தடிக்குக் கொண்டுவருகிறேன், பிறகு வைத்தியசாலை.

அவன் போனதும் நாங்கள் மூன்று தமிழரும் மிஞ்சினோம்.

எங்கள் வீடுகளில் பிடிப்பு என்றால், சுளுக்கு என்றால், விறைப்பு என்றால் ஒரே வைத்தியம். உப்பை வறுத்துச் சீலையில் முடிந்து ஒத்தணம். நான் உதைபந்தாட்டத்தில் கணுக்காலைத் திருப்பிக்கொண்டு வந்த நாட்களில் அம்மா பிடித்துவிடுவா. பொட்டலத்தை வைப்பா, "சுடுது" என்று கத்துவேன், எடுப்பா, ஆறவிட்டுத் திரும்ப வைப்பா. ஒத்தணத்துக்கு வேறு அளவு கிடையாது. கத்துவதுதான் அளவு.

"உப்புக் கிடக்கே?" என்று கேட்டது அன்ரன் அண்ணைதான்.

உப்பு இருந்தது. பாலா அண்ணை பிறைமஸை மூட்டித் தாச்சியில் உப்பைக் கொட்டி, பொரிகிற சத்தம் வரும்வரை வறுத்தார். சாரத்தின் நுனியைக் கிழித்து முடிந்து, கையுறையோடு தூக்கினார். நான் அன்ரன் அண்ணையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சுடுதே?"

"இல்லை."

இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"நோகுதே அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. நல்லாப் பிடி."

எங்களுக்குச் சந்தோஷம். நோகவில்லை என்றால் சுகமாகிறது என்றுதானே அர்த்தம். பொட்டலம் ஆறிப்போயிருக்கும் என்று நினைத்துப் பாலா அண்ணை திரும்பவும் வறுத்தார். திரும்பவும் பிடித்தார். அன்ரன் அண்ணை தலையைக் கூடாரச் சீலையில் சாய்த்து, கோயிலில் பாட்டுக் கேட்கிறவர் மாதிரி அமைதியாக இருந்தார். ஒரு மணம் வந்தது. சாரத்துணி கருகுகிறது என்று நினைத்தேன்.

கூடாரவாசலை மோன்ஸ் திறந்தான். அவன் முகம் மாறியதை முதலில் பார்த்தேன். கத்தியது பிறகுதான் கேட்டது. பாய்ந்து பொட்டலத்தைப் பறித்தான். பறித்தவன் அடுத்த கணமே வெளியே எறிந்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு நின்றான். அவனால் அதை வைத்திருக்க முடியவில்லை.

பனிக்குள் விழுந்த பொட்டலம் சீறிக்கொண்டு உள்ளே இறங்கிப் போனது. நாங்கள் அன்ரன் அண்ணையின் விரல்களைப் பார்த்தோம். அவரும் பார்த்தார், வேறு யாருடையதையோ பார்க்கிற மாதிரி.

"இப்பவும் நோகேல்லை," என்றார்.

6

வைத்தியசாலையில் கையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தார்கள். இளஞ்சூடு என்றால், குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

டொக்டர் இளம்பெண். கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, "இது குளிரால் வந்ததில்லையே," என்றாள். நான் உப்பைப் பற்றி விளக்கினேன். என் டெனிஷ் அன்றைக்கு ஒரு பிழையும் விடாமல் வந்தது; வந்திருக்கவேண்டாத நாளில். அவள் இரண்டு தரம் கேட்டாள். பிறகு, குளிர் எடுத்தது எது, சூடு எடுத்தது எது என்று இப்போது பிரிக்க முடியாது, பொறுத்திருக்க வேண்டும் என்றாள்.

"எதுக்குப் பொறுத்திருக்கிறது எண்டு கேள் தம்பி."

கேட்டேன்.

"நோவுக்கு," என்றாள் அவள். "நோ வந்தால் நல்லது. எந்த விரலில் நோ வருகிறதோ அந்த விரல் திரும்புகிறது."

மொழிபெயர்த்தேன். அன்ரன் அண்ணை தலையாட்டினார். வாசலுக்கு வெளியே நடைபாதையில் பாலா அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். கிழிந்த சாரம் இன்னும் அவர் காற்சட்டைக்கு மேலே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அங்கே தேத்தண்ணி எங்கே எடுக்கலாம் என்று பார்த்துவரப் போனேன்.

அன்ரன் அண்ணை இக்காஸ்டுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில், என் அறையில். நான் நிலத்தில். சந்திரா அக்கா முதல் நாள் என்னையும் பாலா அண்ணையையும் நன்றாக ஏசினார். பிறகு சோற்றைக் குழைத்துக் கரண்டியோடு அன்ரன் அண்ணைக்கு முன்னால் வைத்தார். இடக்கையால் சாப்பிடுவதற்கு வெட்கப்பட்டு, யாரும் பார்க்காத நேரமாகச் சாப்பிட்டார். அதைக் கண்டு ரதி தன் கரண்டியையும் இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். ஏன் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

சுகவீன லீவுக்கு அவரை நகரசபை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். விபத்து வேலையில் நடந்ததா, வீட்டிலா, தெருவிலா? நீர்வீழ்ச்சியடியில். படிவம் நிரப்பிக்கொண்டிருந்த மனிதர் பேனாவை வைத்துவிட்டு, "அங்கே ஏன் போனீர்கள்?" என்று கேட்டார். விசாரணைக்குரிய கேள்வி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். நான் வாயைத் திறக்க முதல் அன்ரன் அண்ணை தன் டெனிஷில் பதில் சொன்னார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம்.

"நான் காலில் வலை கட்டி நடந்தேன்."

மனிதர் எங்களைப் பார்த்தார். பிறகு, தானும் சிறுவயதில் அந்தப் பள்ளத்தாக்கில் சறுக்கி விளையாடியதாகச் சொல்லி, வீடு என்று எழுதிக்கொண்டார்.

நோ வந்தது. ஒரு விடியற்காலை, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். "தம்பி, வந்திட்டுது. பெருவிரல். ஐயோ, சின்னவிரலும்." மனிதர் வேதனையில் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாலா அண்ணையை எழுப்பிச் சொன்னோம். இரண்டு நாள் கழித்து மோதிரவிரலும் வந்தது. அந்தக் கிழமை முழுக்க அவர் முனகிய முனகலில் என்னால் படிக்க முடியவில்லை. ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் ஒருவிதக் கொண்டாட்டம்.

சுட்டுவிரலும் நடுவிரலும் வரவில்லை.

7

நேற்றுக் கட்டு அவிழ்த்தார்கள். இரண்டு விரல்களும் இருக்கின்றன. நுனியில் கறுத்த தோல் கழன்று, கீழே புதுத்தோல் பளபளப்பாக, ரதியின் கன்னம் மாதிரி. மடங்குகின்றன, நிமிர்கின்றன. ஆனால் உணர்ச்சி இல்லை. வரலாம், வராமலும் விடலாம் என்றாள் டொக்டர். மாதங்கள் ஆகுமாம்.

ஓவர்லொக் மெசினில் நூல் அடிக்கடி அறும். அறுந்தால், மெசினுக்குள் கண்ணுக்குத் தெரியாத வளைவுகளுக்குள்ளே விரல்நுனியால் தடவித் தடவித்தான் நூலைக் கோக்க வேண்டும். அதற்குத்தான் இந்த இரண்டு விரலும். தொழிற்சாலைக்கு ரெலிபோன் எடுத்தேன். மேற்பார்வைப் பெண்மணி நல்லவள். திங்கட்கிழமை வரட்டும், அவருடைய பழைய மெசினிலேயே இருத்திப் பார்க்கிறேன் என்றாள். சரிவராவிட்டால் பெட்டி கட்டும் பகுதியில் ஏதாவது பார்க்கலாம், இருந்தால். அந்த "இருந்தால்" என்ற சொல்லை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு அது விளங்கியிருந்தது.

சற்றுமுன் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். மோன்ஸும் வந்திருந்தான். சித்திரை விடுமுறைக்குள் என் பயணப் பத்திரம் வந்துவிட்டால் நோர்வேக்குப் போகலாமா என்று கேட்டான். அன்ரன் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு வலக்கையை நீட்டினார்.

"தம்பி, நீ நூலை வை, இல்லாட்டி வையாதை. இருக்கோ இல்லையோ எண்டு நான் சொல்லுறன்."

சந்திரா அக்காவின் தையல்பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்து, அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்தேன். விரல்களை மெதுவாக உரசினார்.

"இல்லை."

எடுத்துவிட்டேன்.

"இப்ப?" என்றேன்.

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கனநேரம் உரசினார். பாலா அண்ணை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு. இப்ப இருக்கு."

அவர் கண்ணைத் திறந்தார். என் கையிலிருந்த நூலைப் பார்த்தார். எனக்குள் ஏதாவது அசைகிறதா என்று நான் பார்த்தேன். அப்படிப் பார்ப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

அன்ரன் அண்ணை கதிரையை மறுபக்கமாகத் திருப்பிப் போட்டார். திரும்பக் கண்ணை மூடிக்கொண்டு இடக்கையை நீட்டினார்.

"இதுக்குத் தா."

வைத்தேன்.

"இருக்கு."

எடுத்தேன்.

"இல்லை. சரி, ஊசியை எடு."

இடக்கையால் ஊசி கோத்ததில்லை அவர். முதல் முறை நூல்நுனி ஊசிக்கண்ணுக்கு எவ்வளவோ தள்ளிப் போனது. அடுத்த முறை அதைவிடத் தள்ளி. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. விடியற்கால ரெயிலில் நானும் அவரோடு இக்காஸ்டுக்குப் போகிறேன். மெசினை அவருடைய இடக்கைப் பக்கம் திருப்பிப் போட விடுவார்களா என்று அந்தப் பெண்மணியிடம் கேட்க வேண்டும். அதற்கான டெனிஷ் வசனத்தை அவரே சொல்லிக் கேட்கப்போகிறாராம். இப்போது என் அறையில், ஒரு கையில் ஊசியோடு, அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.